பள்ளிக்கூடமும் பெற்றோர்களும்

(ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில், ஜூன் மாதப் பள்ளித் திறப்பையொட்டி நடந்த பெற்றோர் வரவேற்புக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த வருஷம் இப்பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளையும், அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கும் தாய் தகப்பன்மார்களையும், பாட்டன் பாட்டிமார்களையும் வரவேற்று நாலு வார்த்தை பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். வரவேற்பு என்றால் சாதாரணமாய்ச் சர்க்கரை கொடுப்பதும், ஒருவரையொருவர் புகழ்ந்து பேசிக் கொள்ளுவதும்தான் வழக்கம். சர்க்கரை ஏற்கெனவே கொடுத்தாகி விட்டது. புகழ்ச்சியினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆதலால், இன்று காலை இங்கு வரும்போது நாம் கண்ட ஒரு காட்சியைப் பற்றி மாத்திரம் பேச உத்தேசித்திருக்கிறோம்.

நாம் வந்தபோது, வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் நின்று கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுச் சுற்றுச் சுவருக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். "ஏனம்மா, உள்ளே வரலாமே" என்று கேட்டோம். அவர்களில் ஒரு அம்மாள், "நாங்க எழுதப் படிக்கத் தெரியாதவுங்க, ஐயா. உள்ளே வந்து என்ன செய்யப் போறோம்?" என்று சொன்னார். அந்த அம்மாள் இப்போது முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவதுதான் நம்முடைய இன்றைய வேலையாகும்.

தோழர்களே! எழுதப் படிக்கத் தெரியாதது உங்கள் குற்றமா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். 1951-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். பெண்களில் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. மற்றவர்களெல்லாம் மூளையில்லாதவர்களாகவா பிறந்தார்கள்? அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக் கதவு திறக்கப்படவில்லை, அவ்வளவுதான் சங்கதி. பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்றார்கள். 1848-ல் பூனாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வைத்தபோது, எத்தனையோ இழிசொற்களைத் தாங்கித்தான் அதை நடத்த வேண்டியிருந்தது. தீண்டக் கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கென்று 1894-ல் ஆல்காட் துரை சென்னை அடையாற்றுக்குப் பக்கத்திலுள்ள ஊரூரில் இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டிய நிலையில் ஊர் இருந்தது என்பதுதான் இதற்கு அர்த்தம். 1953-ல்கூட, கிராமத்துப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் படித்தால் போதும், மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்றுக் கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் இந்த ராஜ்யத்தில் கொண்டு வரப்பட்டது. வெட்டியான் பிள்ளைக்கு வீட்டுத் தொழில் என்ன, வண்ணான் பிள்ளைக்கு வீட்டுத் தொழில் என்ன என்று ஜனங்கள் கேட்டார்கள். கிளர்ச்சி நடந்தது. 1954-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆகவே, உங்கள் பாட்டிக்கும் தாய்க்கும் படிப்பு இல்லாமற் போனதற்கு அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கதவை மூடி வைத்திருந்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். 2011-ம் வருஷத்துக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 87 பேரும், பெண்களில் நூற்றுக்குச் சுமார் 73 பேரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மீதி 27 பெண்களில் சிலர்தான் இன்று காலை வேப்ப மரத்தடியில் நின்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டது. ஆனால், தங்களுக்கும் அது திறந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றைத் தெரியப்படுத்தினால் நாம் வந்த காரியம் முடிந்தது.

நிற்க, "படிப்பெல்லாம் தலையெழுத்துப்படிதான் வரும், அவன் தலையில் எழுதியிருந்தால் படிப்பான், இல்லாவிட்டால் மாடு மேய்ப்பான்" என்று பேசுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். 1951-க்கு முன்னால் பிறந்த பெண் பிள்ளைகளின் தலைகளில் மாத்திரம் படிப்பில்லை என்று எழுதிய கை, அதற்குப் பின்னால் பிறந்த அவர்களுடைய பேத்திகளின் தலைகளில் ஏன் மாற்றி எழுதிற்று? பள்ளிக்கூடம் வைத்தார்கள்; உபாத்தியாயரைப் போட்டார்கள்; சோறு போட்டார்கள்; பிள்ளை படித்தது. தலையில் எழுதுவதென்றால், சிலேட்டில் எழுதக் கற்றுக் கொடுத்த உபாத்தியாயர்தான் எழுதினார் என்று சொல்ல வேண்டும். ஆதலால், முதல் பரீட்சையில் பிள்ளைக்கு இரண்டு மார்க்குக் குறைந்தவுடன் "இதற்குப் படிப்பு ஏறாது" என்று ஜோசியம் சொல்லிவிடாதீர்கள். ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள். கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா? காது மந்தமா? பத்து நாள் காய்ச்சலில் பாடம் விட்டுப் போயிற்றா? பக்கத்துப் பையன் அடிக்கிறானா? ஒவ்வொன்றிற்கும் காரணம் இருக்கும். காரணம் தெரிந்தால் பரிகாரமும் இருக்கும்.

இனி, எழுதப் படிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடத்திற்குள் வந்து என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். மாட்டுச் சந்தைக்குப் போகிற நம் குடியானவர் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார் (சுழி பார்ப்பது வீண் வேலை என்பது வேறு சங்கதி), நாலு பேரைக் கேட்கிறார், அப்புறந்தான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுகிறார். அவர் எந்தக் காலேஜில் மாட்டு வைத்தியம் படித்தார்? ஒரு மாட்டுக்காக ஒரு நாள் முழுவதும் வெயிலில் நின்று விசாரிக்கிறவர், பெற்ற பிள்ளை ஐந்து வருஷம் படிக்கிற இடத்தைப் பற்றி "நமக்கென்ன தெரியும்" என்று சொல்லுவது நியாயமாகுமா?

பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க நீங்கள் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். அதை மனப்பாடமாய் ஒப்பித்துவிட முடியும். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடைப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதத்தை விரித்துக் கொடுத்து, என்ன சேதி என்று கேளுங்கள். அப்போது பிள்ளையின் விரலும் கண்ணும் எழுத்தின் மேல் போகின்றனவா, அல்லது கண் கூரையைப் பார்த்துக் கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு உங்கள் கண் போதும். 32 ரூபாய்ச் சாமானுக்கு 50 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கணக்கு உங்களுக்குப் பிள்ளையைவிட நன்றாய்த் தெரியும். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உபாத்தியாயரின் சிவப்பு மசி எத்தனை பக்கத்திற்கு ஒரு முறை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 2022-ல் இந்த ராஜ்யத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நோக்கமே, எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை பொருள் தெரிந்து வாசிக்கவும், சாதாரணக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதுதான். ஆகவே, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பஸ் பலகை படிக்கத் தெரியவில்லையானால், உள்ளே வந்து கேட்க உங்களுக்குப் பூரண பாத்தியம் உண்டு.

கேட்டால் உபாத்தியாயர் கோபித்துக் கொள்ளுவாரோ என்று பயப்படுகிறீர்கள். தோழர்களே, இது தயவு சம்பந்தமான காரியமல்ல. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோர்களை அடிக்கடி கூட்டி, பிள்ளை ஒழுங்காய் வருகிறதா, எவ்வளவு கற்றுக் கொண்டிருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுவதை உபாத்தியாயரின் கடமைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. அதே சட்டப்படி, சர்க்கார் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோர்களாயிருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும். ஏழைகளுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அவரவர் விகிதப்படி இடமிருக்க வேண்டும். பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பதும், பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்பதும் அக்கமிட்டியின் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அதில் இருக்கலாம் என்று சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை. வேப்ப மரத்தடியில் நின்ற அம்மாளைச் சட்டம் உள்ளே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுகிறது. அந்த அம்மாளோ சுவருக்கு வெளியே நிற்கிறார்!

ஆனால், அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கேள்வி கேட்க வேண்டும். வாசித்துக் காட்டாத காகிதத்தில் கைநாட்டு வைப்பதற்காக அங்கே உட்கார்ந்தால், வேப்ப மர நிழலே மேலானது. "இதில் என்ன எழுதியிருக்கிறது? வாசியுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்ல ஒரு பட்டமும் தேவையில்லை.

"இலவசமாய்ப் படிப்பும் புத்தகமும் சோறும் கொடுக்கிறார்கள், இதில் போய் என்னத்தைக் கேட்பது?" என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். பணம் கட்டுகிற இடத்தில் அதிகாரமாய்க் கேள்வி கேட்கிறவர்களுக்கு, பணம் கட்டாத இடத்தில் வாய் அடைத்துப் போகிறது. உண்மையில் இது இலவசமா? நீங்கள் வாங்கும் சோப்பில் வரியிருக்கிறது, தீப்பெட்டியில் வரியிருக்கிறது, வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலில் வரியிருக்கிறது. அந்தப் பணத்தில் நடப்பதுதான் இந்தப் பள்ளிக்கூடம். 1920-ல் சென்னை நகரசபை, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்கிலிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு போடத் தீர்மானித்ததே, பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று கண்டதனால்தான். 1956-ல் காமராசர் காலத்தில் அது ராஜ்யம் முழுவதற்கும் வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் இன்னும் விரிந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் நீட்டப்பட்டது. இவையெல்லாம் பிச்சையல்ல, பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பாகம். சோற்றில் கல் கிடந்தால் கேளுங்கள். பாடத்தில் கல் கிடந்தாலும் கேளுங்கள்.

கேட்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம், நீங்கள் செய்ய வேண்டியதைப் பற்றியும் சொல்லாவிட்டால் ஒருதலைப் பட்சமாகிவிடும். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 நாளாவது பள்ளி நடக்க வேண்டுமென்பது சட்டம். வாரத்திற்கு ஐந்து நாள் பள்ளி என்று வைத்தால் அது 40 வாரம். வாரத்தில் ஒரே ஒரு நாள், சந்தைக்கு என்றோ, மாமன் வீட்டுக் காதுகுத்து என்றோ, அமாவாசை என்றோ, சின்னக் குழந்தையைப் பார்த்துக் கொள்ள ஆளில்லை என்றோ, பிள்ளையை நிறுத்தினால், வருஷத்திற்கு 40 நாள் போயிற்று. ஐந்து வருஷத்தில் 200 நாள். அதாவது முழுசாய் ஒரு வருஷத்துப் படிப்பு. ஐந்தாவது முடித்த பிள்ளை என்று பெயர்; உண்மையில் நாலு வருஷந்தான் படித்தது. இந்தத் திருட்டை வெளியாள் யாரும் வந்து செய்வதில்லை. அதிலும் சின்னக் குழந்தையைப் பார்த்துக் கொள்ள நிறுத்தப்படுவது எப்போதும் பெண் பிள்ளைதான். அண்ணன் பள்ளிக்குப் போகிறான், தங்கை தொட்டிலாட்டுகிறாள் என்றால், வேப்ப மரத்தடியில் நிற்பதற்கு நாளைக்கு ஒரு அம்மாளை இன்றைக்கே தயார் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. பிள்ளையைச் சேர்க்கும்போது, "கண் இரண்டை மாத்திரம் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்" என்று சொல்லிவிட்டுப் போவதை ஒரு மரியாதையாகவே நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி வேறு. மாட்டை ஏர் இழுப்பதற்காகப் பழக்குகிறோம். அது கேள்வி கேட்க வேண்டியதில்லை. பிள்ளையை யோசிப்பதற்காகப் பழக்குகிறோம். அது கேள்வி கேட்டாக வேண்டும். அடிக்குப் பயந்த பிள்ளை தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லாது. சொல்லாத பிள்ளைக்கு உபாத்தியாயர் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்? உடம்பை அடிப்பதையும் மனத்தை நோகச் செய்வதையும் சட்டம் தடுத்துவிட்டது. ஆகையால், நீங்கள் கொடுத்துவிட்டுப் போகும் அந்த அனுமதி செல்லாது. அடுத்த வருஷமாவது அந்த வார்த்தையை யாரும் சொல்லாமலிருக்க வேண்டுகிறோம்.

உபாத்தியாயர்களுடைய கஷ்டத்தையும் நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். 60 பிள்ளைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்குச் சட்டம் இரண்டு உபாத்தியாயர்களைத்தான் சொல்லியிருக்கிறது. இங்கேயும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், வகுப்போ ஐந்து. ஒருவர் மூன்று வகுப்பையும், மற்றவர் இரண்டு வகுப்பையும் வைத்துக் கொண்டு, ஒரு பக்கம் 'அ, ஆ'வும் இன்னொரு பக்கம் பெருக்கல் கணக்குமாகத் தவிக்கிறார்கள். ஒருவர் லீவில் போனால் மற்றவர் தலையில் ஐந்தும் விழுகிறது. பிள்ளைகள் 61 ஆனால் மூன்றாவது உபாத்தியாயரைக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 91 ஆனால் நாலாவது. கழுத்துப் பட்டையும் மஞ்சள் வண்டியும் கண்டு, கடன் வாங்கிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புகிற ஒவ்வொரு குடும்பமும், இங்கே மிச்சமிருக்கும் ஏழைப் பிள்ளைகளின் உபாத்தியாயரையும் கொஞ்சங் கொஞ்சமாய்க் கூட்டிக் கொண்டு போகிறது. அனுப்புகிறவர்களை நாம் வையவில்லை. இங்கே சரியாய் நடக்கவில்லையென்று பயந்து போகிறார்கள். நீங்கள் உள்ளே வந்து கேட்டு, இங்கே சரியாய் நடக்கும்படி செய்தால், அந்தப் பயத்திற்கும் இடமிருக்காது.

கடைசியாக, உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரக் கூடாத சாமான் ஒன்று உண்டு, அதுதான் சாதி. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைக்கிற அம்மாள் இன்ன சாதி, அவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்களே கிளம்பினார்கள். 2023-ல் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே சாதிப் பகையினால் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி, மாணவர்கள் கையில் சாதிக்கு ஒரு நிறமாய்க் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டுமென்று 2024-ல் சிபார்சு செய்தது. தோழர்களே, அந்த விஷம் பெரிய வகுப்புக்கு வந்தவுடன் திடீரென்று முளைத்ததல்ல. "அவன் பக்கத்தில் உட்காராதே, அவள் தண்ணீரைக் குடிக்காதே" என்று ஐந்து வயதில் வீட்டில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. இங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுவதும் பாடத்தில் சேர்ந்ததுதான். அந்தப் பாடத்தை வீட்டில் அழித்துவிடாதீர்கள்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்காத தாய் ஒருவர் தயங்கித் தயங்கி உங்கள் அறை வாசலுக்கு வந்தால், முதலில் "உட்காருங்கள், அம்மா" என்று சொல்லுங்கள். நிற்க வைத்துப் பேசினால் அவர் மறுபடி வர மாட்டார். அவர் வராவிட்டால் அவருடைய பிள்ளையும் ஒரு நாள் நின்றுவிடும்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், பிள்ளையை மடியில் உட்கார வைத்துக் கொண்டு, ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையானால், இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டு, அது சொல்லி முடிக்கிற வரையில் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால், அடுத்த கூட்டத்திற்கு நாம் வரும்போது, வேப்ப மரத்தடி காலியாயிருக்க வேண்டும். இந்த மண்டபத்தில் நாற்காலி போதாமல் போக வேண்டும். அந்த ஒரு மரியாதையைத்தான் உங்களிடம் கேட்டுக் கொண்டு, உங்கள் எல்லோரையும் மனமார வரவேற்று, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.